சுங்கான் புகையிலையைப் பேணும் முறை

அமெரிக்காவின் வர்ஜீனியா, வட கரோலினா ராஜ்யங்களில் ஏதோ ஒரு வயலில் விளைந்து, கொட்டகையின் சூட்டிலே பொன்னிறமாகப் பதப்பட்டு, மாதக்கணக்கிலும் சில சமயம் வருஷக்கணக்கிலும் கிடங்கின் இருளில் கிடந்து பக்குவமேறி, பின்பு ஆவியிலே இளகி, அச்சிலே அழுந்தி, கத்தியிலே அரிபட்டு, தகர டப்பாவுக்குள் காற்றுப் புகாமல் அடைபட்டு வரும் சுங்கான் புகையிலையானது, அந்த டப்பாவின் மூடி எடுபட்ட கணத்திலிருந்து வாங்கியவருடைய பாதுகாப்பில் வந்துவிடுகிறது. அதுவரையில் பயிரிட்டவரும் வியாபாரியும் கலவை கூட்டும் நிபுணரும் ஒவ்வொரு கட்டத்திலும் அதன் ஈரத்தைக் கணக்குப் பார்த்துக் காத்து வந்திருக்கிறார்கள். அத்தனை பேருடைய உழைப்பும் வீட்டு அலமாரியில் சில வாரங்களுக்குள் பாழாகிவிடுவது சர்வசாதாரணமாக நடக்கிற காரியம். கவனிப்பாரற்றுச் சருகாய் உலர்ந்துபோகிறது. அல்லது, உலர்ந்துவிடுமே என்ற கவலையினால் தண்ணீர் தெளிக்கப்பட்டுப் பூசணம் பூத்துப்போகிறது. இவ்விரண்டில் பின்னதே பெரிய நஷ்டம் என்பதும், சுங்கான், அதாவது பைப், புகைப்பவர்களுடைய வீடுகளில் அஜாக்கிரதையைக் காட்டிலும் அளவு மீறிய கரிசனமே புகையிலைக்கு அதிகக் கேடு விளைவிக்கிறது என்பதும் என் உறுதியான அபிப்பிராயம்.

வயலில் நிற்கும்போது புகையிலையின் எடையில் 100-க்கு 80 பங்குக்கு மேல் தண்ணீர்தான். பதப்படுத்தும்போது அந்த நீர் பெரும்பாலும் போய்விட்டாலும், இலையின் நாரிலும் அதிலுள்ள சர்க்கரையிலும் ஒரு தாகம் எஞ்சி நிற்கிறது. சூழ்ந்துள்ள காற்று ஈரமாக இருந்தால் இலை அதை வாங்கிக்கொள்ளும், காற்று வறண்டிருந்தால் தன்னிடம் உள்ளதையும் கொடுத்துவிடும். மழைக்காலத்தில் திறந்து வைத்த அப்பளம் நமுத்துப்போவது எந்தச் சுபாவத்தினாலோ, அதே சுபாவம்தான் இதுவும். சுங்கானில் இட்டுப் புகைப்பதற்கு உகந்த நிலை, இலையின் எடையில் 100-க்கு 12 முதல் 15 பங்கு வரை ஈரம் தங்கியிருக்கும் நிலை என்று பொதுவாகக் கொள்ளப்படுகிறது. இலை அந்த நிலையிலேயே நிற்கவேண்டுமானால் அதைச் சுற்றியுள்ள காற்றின் ஈரப்பதம் 60 முதல் 65 சதவிகிதத்துக்குள் இருக்கவேண்டும். காற்றின் ஈரப்பதம் 70-ஐத் தாண்டி வெகுநாள் நின்றால், பூசணத்துக்கு வேண்டிய சௌகரியம் மெல்ல மெல்லக் கூடிவிடுகிறது.

இதை அறிய யந்திரம் ஏதும் வேண்டியதில்லை. ஒரு சிட்டிகை புகையிலையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே வைத்து அழுத்தி விட்டால், நல்ல நிலையில் உள்ள இலை சற்றே ஒட்டி நின்று, பிறகு மெதுவாகத் தானே விரிந்துகொடுக்கும். விரியாமல் உருண்டையாகவே நின்றுவிட்டால் ஈரம் அதிகம். நொறுநொறுவென்று பொடிந்துபோனால் ஈரம் போதாது. அதிக ஈரமுள்ள இலை அடிக்கடி அணைந்துவிடும். பற்றவைக்கப் பற்றவைக்க, உள்ளிருக்கும் நீர் ஆவியாகி நாக்கைச் சுட்டுவிடும். தண்டுக்குள் நீர் கோத்துக்கொண்டு களகளவென்று ஓசை எழும். மிகவும் உலர்ந்த இலையோ சடசடவென்று எரிந்து, சுங்கானின் கிண்ணத்தைக் கொதிக்கச் செய்து, வாசனையை நுகர்வதற்குள் சாம்பலாகிவிடும். தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் சற்று அதிக ஈரத்துடனேயே டப்பாவில் அடைத்து அனுப்புகிறார்கள். கிளிசரின், புரொப்பிலீன் கிளைக்கால் போன்ற, ஈரத்தைப் பிடித்துவைக்கும் திரவங்களைச் சேர்த்திருக்கும் நறுமணக் கலவைகள் இன்னும் கசகசப்பாகவே இருக்கும். ஆகையால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் ஒரு தாளில் பரப்பிச் சற்று நேரம் ஆறவிட்டுப் புகைப்பதும், மிச்சத்தை அதன் ஈரத்தோடு மூடிவைப்பதும் அநுபவசாலிகளின் வழக்கம். இந்த ஒரு வழக்கத்தைக் கைக்கொண்டவருக்குச் சங்கடங்களில் பாதி குறைந்துவிடும்.

புகையிலை ஐரோப்பாவுக்குப் போய்ச் சேர்ந்த நாளிலிருந்தே இந்த ஈரத்தைக் காக்கும் பிரச்னை அங்கே இருந்து வந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து தேசத்து டெல்ஃப்ட் நகரக் குயவர்கள், நீல நிறச் சித்திரங்கள் தீட்டிய பெரிய பீங்கான் ஜாடிகளைப் புகையிலைக் கடைகளுக்கென்றே வனைந்து கொடுத்தார்கள். ஒவ்வொன்றின் வயிற்றிலும் உள்ளிருக்கும் சரக்கின் பெயர் எழுதப்பட்டிருக்கும். மேலே பித்தளை மூடி பொருந்தியிருக்கும். அவை இன்று அருங்காட்சிசாலைகளில் அழகுக்காக வைக்கப்பட்டிருந்தாலும், அக்காலத்தில் வியாபாரத்துக்குரிய பாத்திரங்களே. இங்கிலாந்திலோ ஈயத்தால் வார்த்த ஜாடிகள் பல வீடுகளில் இருந்தன. அந்த ஈய ஜாடியின் விசேஷம் அதன் வெளி மூடியில் இல்லை. உள்ளே, குமிழ் வைத்த ஒரு கனத்த ஈயத் தகடு புகையிலையின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். இலை செலவாகக் குறையக் குறைய அந்தத் தகடும் கூடவே இறங்கிவந்து, மேலே வெறுங்காற்று தங்காதபடி அழுத்திக்கொண்டிருக்கும். பாத்திரத்துக்குள் இருக்கும் வெற்றிடமே இலையின் ஈரத்தைக் குடிக்கிறது என்ற உண்மையை ரசாயன சாஸ்திரத்தின் உதவியில்லாமலே கண்டுகொண்ட அந்தக் கைவினைஞர்களின் புத்தி மிகவும் போற்றத்தக்கது. ஈயம் நச்சு உலோகம் என்பதை இன்று நன்றாக அறிந்திருக்கிறோம். ஆதலால் அந்த ஜாடிகளைப் பார்த்து மகிழலாமேயன்றிப் புழங்கலாகாது.

பாத்திரம் இல்லாதவர்கள் இலையின் உருவத்தையே பாத்திரமாக்கிக்கொண்டார்கள். பிரிட்டிஷ் கடற்படை மாலுமிகளுக்குப் புகையிலை முழு இலையாகவே பங்கிட்டுக் கொடுக்கப்பட்ட காலத்தில், அவர்கள் அதன் நடுநரம்பை உருவி எடுத்துவிட்டு, இலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, தமக்குக் கிடைக்கும் ரம் சாராயத்தைக் கொஞ்சம் தெளித்து, கப்பல் பாய்த் துணியில் இறுகச் சுருட்டி, தார் பூசிய கயிற்றினால் இடைவெளியில்லாமல் முனையிலிருந்து முனைவரை வரிந்து கட்டிவிடுவார்கள். மாதக்கணக்கில் அந்த அழுத்தத்தில் கிடந்து இலைகள் ஒன்றோடொன்று கலந்து கட்டியாகிவிடும். வேண்டும்போது நுனியிலிருந்து கத்தியால் மெல்லிய சீவல்களாக அரிந்துகொள்வார்கள். வெளிப்புறம் மட்டுமே காற்றுக்கு இலக்காகி உலரும். உள்ளே இருப்பது உப்புக்காற்றிலும் வெயிலிலும் கெடாமல் நிற்கும். இங்கிலாந்தின் ஏரிப் பிரதேசத்தை அடுத்த கெண்டல் என்னும் ஊரில் 1792-ல் தோன்றிய சாமுவேல் கேவித் ஸ்தாபனம் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த கயிற்றுப் புகையிலையிலும், அச்சில் அழுத்தி ஏடேடாக அரிந்த புகையிலையிலும் இதே தத்துவம்தான் அடங்கியிருக்கிறது. பொடியாகத் துருவப்பட்ட இலையைக் காட்டிலும் ஏடாக அரிந்தது நெடுநாள் ஈரம் காக்கும். ஏட்டைக் காட்டிலும் அரியாத கட்டி இன்னும் நெடுநாள் காக்கும். ஆகவே வாங்கும்போதே உருவத்தைக் கவனித்து வாங்குகிறவர், பாதுகாக்கும் வேலையில் ஒரு பாகத்தைக் கடையிலேயே முடித்துவிடுகிறார்.

கதைகளைப் படித்து வழிகாட்டியாகக் கொள்ளுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆர்தர் கோனான் டாயில் படைத்த துப்பறியும் நிபுணரான ஷெர்லாக் ஹோம்ஸ், 1893-ல் வெளிவந்த 'மஸ்கிரேவ் ரிச்சுவல்' என்ற கதையில், தம் புகையிலையை ஒரு பாரசீகச் செருப்பின் முனையில் திணித்துவைப்பவராகவும், சுருட்டுகளை நிலக்கரி வாளியில் போட்டுவைப்பவராகவும் வர்ணிக்கப்படுகிறார். முந்திய நாள் புகைத்து மிஞ்சிய துணுக்குகளைக் கணப்பின் மாடத்தில் உலர்த்திச் சேர்த்து, காலையுணவுக்கு முன் அவற்றையே புகைக்கும் வழக்கமும் அவருக்கு உண்டு. இவை அந்தப் பாத்திரத்தின் ஒழுங்கற்ற சுபாவத்தைக் காட்டுவதற்காக ஆசிரியர் அமைத்தவை. நெருப்பு மூட்டிய அறையில் வாய் திறந்த ஒரு செருப்புக்குள் கிடக்கும் புகையிலை சில நாட்களிலேயே ஈரம் முழுவதையும் இழந்துவிடும் என்பதை, அதைப் படித்துவிட்டு அலங்காரமான துணிப்பைகளிலும் மரக்கிண்ணங்களிலும் புகையிலையை வைப்பவர்கள் நினைவில் கொள்வது நல்லது.

எல்லாப் புகையிலையும் ஒரே விதமாகப் பழகுவதில்லை. வைத்துப் பேண நினைப்பவர் அதன் ஜாதியை அறிந்திருக்கவேண்டும். வர்ஜீனியா என்று பெயர் பெற்ற பொன்னிற இலை, 1839-ஆம் வருஷத்தில் வட கரோலினாவின் காஸ்வெல் பிரதேசத்தில், ஸ்டீபன் என்ற கறுப்பின அடிமையின் கையால் தற்செயலாக உருவானது என்று சரித்திரம் சொல்லுகிறது. இரவில் கொட்டகையின் தீ அணையப்போகும் தறுவாயில் கண்விழித்த அவர், கொல்லுலைக்காக வைத்திருந்த மரக்கரியை அள்ளிப் போட்டு நெருப்பை மூட்ட, திடீரென்று எழுந்த சூட்டினால் இலைகள் மஞ்சள் நிறமாக மாறிவிட்டன. அந்தச் சூடு இலையிலுள்ள சர்க்கரையை வெளியேறாமல் பூட்டிவிடுகிறது. அந்தச் சர்க்கரைதான், மூடிய ஜாடியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்போது இலையின் மற்றச் சத்துக்களோடு மெல்ல மெல்ல வினைபுரிந்து, பொன்னிறத்தைக் கருஞ்சிவப்பாக்கி, புல்வாசனையை உலர்ந்த திராட்சைப் பழத்தின் வாசனையாக மாற்றுகிறது. முதுமையினால் மேன்மையடையும் புகையிலை என்று சொல்லத் தக்கது இதுவே. 1864-ல் ஒஹையோவின் பிரவுன் பிரதேசத்தில் கண்டெடுக்கப்பட்ட வெள்ளை பர்லி என்னும் ஜாதியில் சர்க்கரை மிகக் குறைவு. ஆகவே அது ஆண்டுகள் கடந்தும் அதிகம் மாறாது, கெடவும் கெடாது. சிரியாவின் லட்டாக்கியா துறைமுகத்தின் பெயரைத் தாங்கியதும், பிற்காலத்தில் சைப்ரஸ் தீவில் பெரிதும் தயாரானதுமான லட்டாக்கியா இலையோ, விறகுப் புகையிலேயே பதப்படுவது. அந்தப் புகைமணம் வருஷங்கள் செல்லச் செல்லத் தணிந்து மங்கிப்போகும். அதை விரும்புகிறவர் நெடுநாள் சேமித்துவைப்பதில் லாபமில்லை. லூயிசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பிரதேசத்தில் மட்டும் பேர்பெற்று விளங்கும் பெரிக் என்பது, மரப் பீப்பாயில் தன் சாற்றிலேயே அழுந்திக் கிடந்து ஏறக்குறைய ஓராண்டு காலம் புளித்துப் பக்குவமாவது. வர்ஜீனியாவோடு கலந்து வைத்தால் இரண்டும் சேர்ந்து முதிர்ந்து நல்ல இணக்கம் பெறும். வனிலாவும் செர்ரியும் ஏற்றிய நறுமணக் கலவைகளுக்கு முதுமையினால் பெருமை ஏதுமில்லை. மேலே பூசிய வாசனை காலப்போக்கில் ஆவியாகிவிட, வெறும் இலையே மிஞ்சும். அவற்றை வாங்கிய சில மாதங்களுக்குள் தீர்த்துவிடுவதே முறை.

திறக்காத தகர டப்பா நல்ல பாதுகாப்பு என்பதில் ஐயமில்லை. காற்றை உறிஞ்சி அடைத்த டப்பாவில் புகையிலை பல ஆண்டுகள் அப்படியே இருக்கும். ஆனால் தகரத்துக்கு ஒரு பகை உண்டு. ஈரக்காற்றுள்ள இடங்களில் டப்பாவின் மடிப்பிலும் விளிம்பிலும் துரு பிடித்து, கண்ணுக்குத் தெரியாத துளை விழுந்துவிடும். வெளியே படம் அழகாகவே இருக்கும், உள்ளே இலை சருகாகிக் கிடக்கும். ஆகவே சேமித்துவைத்த டப்பாக்களை அவ்வப்போது எடுத்துப் பார்த்து, துரு தெரிந்தால் திறந்து வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிடவேண்டும். ஒருமுறை திறந்த தகர டப்பாவோ பாதுகாப்பு என்ற பெயருக்கே உரியதல்ல. அதன் மூடியை எவ்வளவு அழுத்தி வைத்தாலும் சில வாரங்களில் ஈரம் போய்விடும்.

திறந்த புகையிலைக்குக் கண்ணாடி ஜாடியை விஞ்சியது எதுவும் கிடையாது. நியூஜெர்சியைச் சேர்ந்த ஜான் லாண்டிஸ் மேசன் என்னும் தகர வேலைக்காரர், திருகு மூடி பொருந்துவதற்கேற்றபடி கழுத்தில் புரி வைத்த கண்ணாடி ஜாடிக்கு 1858-ஆம் வருஷம் உரிமைப் பத்திரம் பெற்றார். பழங்களையும் காய்கறிகளையும் குளிர்காலத்துக்கு வைத்துக்கொள்வதற்காகப் பிறந்த அந்த ஜாடி, இன்று உலகெங்கும் பைப் புகைப்பவர்களுடைய அலமாரிகளில் வரிசையாக நிற்கிறது. கண்ணாடி தன் வாசனையைப் பொருளுக்கு ஏற்றுவதில்லை, பொருளின் வாசனையைத் தான் வாங்கிவைத்துக்கொள்வதுமில்லை; உள்ளே நடப்பதைத் திறவாமலே பார்க்கவும் இடம் கொடுக்கிறது. ரப்பர் வளையம் பொருந்திய மூடியுள்ள ஜாடி எதுவாயினும் போதும். ஊறுகாய் இருந்த ஜாடியின் மூடியை மட்டும் பயன்படுத்தவேண்டாம். கண்ணாடியிலிருந்து மணம் போனாலும் ரப்பரிலிருந்து போகாது. வெந்நீரில் கழுவி, ஒரு துளி ஈரமும் தங்காதபடி வெயிலில் நன்றாகக் காயவிட்ட பிறகே இலையை இடவேண்டும், ஏனெனில் அடியில் நின்றுவிட்ட ஒரு துளி நீர் பூசணத்துக்கு வித்தாகிவிடும். 50 கிராம் டப்பா ஒன்றின் சரக்கு ஏறக்குறைய கால் லிட்டர் ஜாடியில் அடங்கும். பெரிய ஜாடி ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டிவைத்துத் தினந்தோறும் திறந்து மூடுவதைக் காட்டிலும், சிறு சிறு ஜாடிகளில் பங்கிட்டு, ஒன்றை மட்டும் புழக்கத்தில் வைத்து மற்றவற்றைத் தொடாமலிருப்பது எவ்வளவோ மேல். ஜாடியை இலையால் நிரப்பவேண்டும், திணிக்கவேண்டாம். உள்ளே எஞ்சும் சிறிதளவு காற்று இலையின் பக்குவத்துக்குத் துணைசெய்கிறது என்பது அநுபவசாலிகளின் கருத்து. கலவையின் பெயரையும் அடைத்த தேதியையும் ஒரு சீட்டில் எழுதி ஒட்டிவிடுவது அவசியம். இரண்டு வருஷங்கள் கழித்துப் பார்க்கும்போது கரிய இலைகள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும்.

ஜாடியை வைக்கும் இடம் இருட்டாகவும் சூடு அதிகம் ஏறாததாகவும் இருக்கவேண்டும். ஜன்னல் ஓரத்தில் வைத்தால், வெயில் பட்ட பக்கத்தில் இலையின் ஈரம் ஆவியாகி, நிழல் பக்கத்துக் கண்ணாடியில் நீர்த்துளிகளாகப் படியும். ஒரே ஜாடிக்குள் ஒரு பக்கம் வறட்சியும் மறு பக்கம் பூசணமும் உண்டாகும். குளிர்ப்பெட்டியில் வைப்பதும் தவறே: வெளியே எடுக்கும் ஒவ்வொரு முறையும் குளிர்ந்த இலையின்மேல் ஈரம் படிவதோடு, மூடி சற்றுத் தளர்ந்திருந்தால் உணவுப் பொருள்களின் வாசனையும் உள்ளே புகுந்துவிடும். சுருட்டுக்கென்று தேவதாரு போன்ற மணமுள்ள மரம் பதித்துச் செய்யப்படும் பெட்டியில் சுங்கான் புகையிலையை வைப்பவர்கள் உண்டு. அந்தப் பெட்டி சுருட்டுக்கு வேண்டிய அதிக ஈரத்தில் நிற்பது. மரத்தின் மணமும் இலையில் ஏறிவிடும். ஆகையால் அது பொருந்தாது. பிளாஸ்டிக் பைகள் எவ்வளவு இறுக்கமாகப் பூட்டிக்கொள்பவையாக இருந்தாலும், ஈரமும் மணமும் அவற்றின் ஊடே மெல்லக் கசிந்துகொண்டேயிருக்கும். ஒரு வாரத்துக்கு உதவலாம், ஒரு வருஷத்துக்கு உதவா. லட்டாக்கியா கலந்த புகையிலை இருந்த பையில் வேறு எதை வைத்தாலும் அதுவும் புகைமணம் வீசும் என்பதை அநேகர் அறிவார்கள்.

இவ்வளவு செய்தும் உலர்ந்துபோயிற்றென்றால் மனம் தளர வேண்டியதில்லை. உலர்ந்த புகையிலை செத்த புகையிலை அன்று. ஆனால் இந்தக் கட்டத்தில்தான் ஆபத்தான வைத்தியங்கள் ஆரம்பமாகின்றன. ஆப்பிள் தோலையோ உருளைக்கிழங்குத் துண்டையோ ஜாடிக்குள் போட்டு மூடுவது மேல்நாட்டில் தொன்றுதொட்டு வந்த வழக்கம். பழத்துண்டு ஈரத்தைக் கொடுப்பது உண்மை. அதோடு பூசணத்தின் வித்துக்களையும், தான் அழுகும்போது எழும் நாற்றத்தையும் கொடுத்துவிடுகிறது. தண்ணீரைக் கையால் தெளிப்பது அதனினும் மோசம். துளி பட்ட இடம் ஊறிப்போகும், படாத இடம் காய்ந்தே கிடக்கும். பொறுமையுள்ளவருக்கு எளிய வழி ஒன்று உண்டு. வாயகன்ற பீங்கான் கிண்ணத்தில் இலையைப் பரப்பி, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த மெல்லிய துணியை, இலையில் படாதபடி கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டிவிடவேண்டும். மணிக்கு ஒருமுறை திறந்து, இலையைக் கிளறி, விரலால் அழுத்திப் பார்த்து வரவேண்டும். வேண்டிய பதத்துக்குச் சற்று முன்பாகவே நிறுத்திவிட்டு ஜாடியில் மூடி இரண்டு மூன்று நாட்கள் விட்டால், ஈரம் எங்கும் சமமாகப் பரவிக்கொள்ளும். சுட்ட களிமண் வில்லை ஒன்றை நீரில் ஊறவைத்து, மேலீரம் துடைத்து, ஜாடிக்குள் இலையின்மேல் வைப்பதும் நல்ல முறையே; ஆனால் பதம் வந்தவுடன் வில்லையை எடுத்துவிடவேண்டும். எடுக்க மறந்து அங்கேயே விட்டுவிடுவதனால் நல்ல சரக்கை இழந்தவர்கள் ஏராளம்.

பூசணம் பூத்த புகையிலைக்கு மீட்சி கிடையாது. மேலே தெரியும் வெள்ளையை நீக்கிவிட்டு மிச்சத்தைப் புகைக்கலாம் என்று எண்ணுவது அறியாமை; கண்ணுக்குத் தெரிவது அதன் பூப்பு மட்டுமே, இழைகள் உள்ளே ஓடியிருக்கும். முழுவதையும் எறிந்துவிட்டு ஜாடியைக் கொதிநீரில் கழுவுவதே செய்யத்தக்கது. ஆனால் எறியுமுன் ஒரு முறை வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். பல ஆண்டுகள் பழகிய வர்ஜீனியா ஏடுகளின்மேல் வெண்மையான நுண்பொடி படிந்து மின்னுவதுண்டு. அது இலையிலிருந்து வெளிப்பட்டு உறைந்த படிகங்கள், முதிர்ச்சியின் அடையாளம். படிகம் வெளிச்சத்தில் பளிச்சிடும். பூசணமோ மங்கலாய், பஞ்சு போன்ற இழைகளோடு, சில சமயம் பச்சையும் சாம்பலும் கலந்து நிற்கும். மூக்கு இந்த வழக்கைக் கண்ணைவிடச் சீக்கிரம் தீர்த்துவிடும்: பூத்த இலையில் நனைந்த நிலவறையின் வாடை வீசும்.

பூச்சியின் விஷயம் சுருக்கமாகச் சொல்லத்தக்கது. புகையிலை வண்டு என்று பெயர் பெற்றதும், நம் சமையலறையில் மஞ்சளையும் மிளகாயையும் துளைப்பதுமான அந்தச் சிறிய செந்நிற வண்டு, சுருட்டுக்கு விளைக்கும் அளவு தீங்கை ஆவியிலே வெந்து வரும் சுங்கான் புகையிலைக்கு விளைப்பதில்லை. இலையில் ஊசித்துளைகளும் மாவுபோன்ற தூளும் தென்பட்டால் மட்டும், அந்த ஜாடியின் சரக்கை உறையில் இட்டு உறைபெட்டியின் கடுங்குளிரில் பல நாட்கள் வைத்து, பிறகு திறவாமலே மெல்ல அறைச் சூட்டுக்குக் கொண்டுவந்தால், புழுவும் முட்டையும் மடிந்துவிடும்.

மேல்நாட்டு நூல்கள் சொல்லும் விதிகளை நம் கடற்கரை நகரங்களில் அப்படியே பின்பற்றுவது சரியாகாது. லண்டனிலும் நியூயார்க்கிலும் குளிர்காலத்தில் வெப்பமூட்டிய அறைகளின் காற்று மிகவும் வறண்டிருக்கும். அங்கே புகையிலையின் முதல் சத்துரு வறட்சி. சென்னையிலோ கொழும்பிலோ காற்றின் ஈரப்பதம் வருஷத்தின் பெரும்பகுதியில் 70 சதவிகிதத்துக்கு மேலே நிற்கிறது. ஐப்பசி கார்த்திகை அடைமழையில் இன்னும் ஏறுகிறது. இங்கே திறந்து வைத்த டப்பா காய்ந்துபோவதற்குப் பதிலாக நனைந்து பூக்கிறது. கோடையும் வண்டுக்கு மிகவும் ஏற்றதாக இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போய் வருகிற உறவினர் கொண்டுவந்து கொடுத்த புகையிலையை இங்கே வைத்துக்கொள்கிறவர், ஈரமூட்டும் வில்லைகளை அறவே மறந்துவிட்டு, மழையில்லாத நாளில் வறண்ட பகல் வேளையில் டப்பாவைத் திறந்து, தாமதமின்றிச் சிறு ஜாடிகளில் அடைத்துவிடவேண்டும். இரும்பு அலமாரியைக் காட்டிலும் உள்ளறையில் தரையிலிருந்து உயர்ந்த மர அலமாரி நல்லது. துரு சீக்கிரம் பிடிப்பதனால், தகர டப்பாக்களை ஆண்டுக்கணக்கில் சேர்த்துவைக்கும் ஆசை இந்தச் சீதோஷ்ணத்துக்கு உகந்ததன்று.

இவ்வளவு தூரம் பாதுகாப்பைப் பற்றி எழுதிய நான், பாதுகாக்கப்படும் பொருளின் குணத்தை மறைப்பது நியாயமாகாது. சுங்கான் புகைப்பது சிகரெட்டைவிடச் சாத்விகமானது என்ற நம்பிக்கை பலரிடம் உண்டு. 1964-ல் அமெரிக்க அரசாங்கத்தின் தலைமை மருத்துவ அதிகாரி வெளியிட்ட புகழ்பெற்ற அறிக்கையே, சுங்கான் புகைப்பதற்கும் உதட்டில் வரும் புற்றுநோய்க்கும் காரண சம்பந்தம் நிலைநாட்டப்பட்டதாகக் கூறியது. வாய், தொண்டை, நுரையீரல் ஆகியவற்றின் புற்றுநோய்களும் அதனால் வருகின்றன என்பது இன்று நன்கு தெரிந்த விஷயம். இலையை எவ்வளவு நன்றாகப் பேணினாலும் இந்தக் கெடுதி குறையாது. பழக்கமில்லாதவர் இதைப் படித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கவேண்டாம் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பழக்கமுள்ளவரும், ஜாடிகளை வரிசையாக நிரப்புவதில் உள்ள இன்பம் புகைக்கும் அளவைப் பெருக்கிவிடாதபடி பார்த்துக்கொள்வது நல்லது.

வீட்டில் குழந்தைகள் இருந்தால், ஜாடியின் இறுக்கத்தைவிட அலமாரியின் பூட்டுத்தான் முக்கியம். வனிலா மணக்கும் கரிய புகையிலை, பழப்பாகு ஜாடியைப் போன்ற ஜாடியில், உலர்ந்த திராட்சை போன்ற நிறத்தோடு இருக்கும்போது ஒரு குழந்தை அதை வாயில் போட்டுக்கொள்வதில் வியப்பில்லை. கொஞ்சம் விழுங்கினாலும் அதிலுள்ள நிக்கோடின் வாந்தியையும் வெளிறலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும், அளவு கூடினால் உயிருக்கே ஆபத்து. நாய் பூனைகளுக்கும் அப்படியே. ஆகையால் ஜாடியின்மேல் புகையிலை என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். உணவுப் பண்டங்கள் உள்ள அலமாரியில் வைக்காமல், எட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை ஒரு துணுக்கை விழுங்கியதாகச் சந்தேகம் தோன்றினாலும் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே வைத்தியரிடம் கொண்டுபோங்கள், ஜாடியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.